இரவல் கை

"இனிமே என் பிரஷரை நானே அளந்துக்கறேன். அந்த நேரத்துல நீ பக்கத்துல இருக்கக் கூடாது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மனைவி மசாயோவிடம் நான் இவ்வளவு உறுதியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் கால்கள் இரண்டும் கொதாட்சு மேஜைக்கு அடியில், போர்வைக்குள், கணப்புக்குப் பக்கத்தில் இருந்தன. தைரியம் அங்கிருந்துதான் ஏறியிருக்க வேண்டும்.

மசாயோ வீடு வீடாகக் காரில் போய் நோயாளிகளைக் கவனிக்கிற நர்ஸ். வட ஜப்பானில் எங்கள் அகிதாவில் பனிக்காலம் நீளம், ஊறுகாய்த் தொட்டி ஆழம், ஆகவே பிரஷர் உயரம். இந்த வட்டாரத்துக் கிழவர்களில் பாதிப் பேர் அவள் சொன்னபடி கேட்கிறவர்கள். மீதிப் பாதிப் பேர் அவள் கார் சத்தம் கேட்டதும் ஒளிந்துகொள்கிறவர்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் ஒளிய முடியாது. ஒரே வீட்டில் குடியிருக்கிறோம்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் பயிற்சியாளன். மாணவன் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, யார் எவ்வளவு வேகமாகப் போனாலும் நிறுத்திவிடுகிற உத்தியோகம். வீட்டில் அந்த பிரேக் மசாயோவின் காலடியில் இருக்கிறது. அந்த வருஷப் பரிசோதனையில் எனக்கு நூற்று ஐம்பத்தாறு வந்தது. அன்று சாயங்காலமே அவள் பிரேக்கை அழுத்திவிட்டாள். சோயா சாஸ் புட்டி மேஜையிலிருந்து மேல் அலமாரிக்குப் போனது. மிசோ சூப் தண்ணீராகி, கிண்ணத்தின் அடி தெரிந்தது.

"ஏன் நான் பக்கத்துல இருக்கக் கூடாது?" என்றாள்.

"வெள்ளைக் கோட்டைப் பார்த்தா சில பேருக்கு பிரஷர் ஏறும்னு நீதானே சொன்னே."

"நான் போடறது நீலச் சட்டை."

"எனக்குச் சட்டை வரைக்கும் தேவையில்லை. உள்ள இருக்கிற ஆளே போதும்."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவள் ஆரஞ்சுப் பழத்தை உரித்து ஒரு சுளையை என் பக்கம் தள்ளினாள்.

"சரி. காலைல எழுந்து, பாத்ரூம் போயிட்டு, எதையும் வாயில போடறதுக்கு முன்னாடி அளக்கணும். முதுகு சாய்ஞ்சிருக்கணும். கை நெஞ்சு உயரத்துல இருக்கணும். பேசக் கூடாது. உங்களால முடியுமா?"

"எல்லாம் முடியும்."

"கடைசியா சொன்னதைத்தான் கேட்டேன்."

மறுநாளே ஒரு கருவி வாங்கி வந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி, கையில் சுற்றிக்கொள்ள ஒரு பட்டை. அளந்ததும் அது என் கைபேசிக்குச் சொல்லும். என் கைபேசி அவள் கைபேசிக்குச் சொல்லும். அவள் எந்த நோயாளி வீட்டில் இருந்தாலும் என் ரத்தம் அவள் பையில் கிணுகிணுக்கும்.

"நூத்தி முப்பத்தஞ்சுக்குக் கீழ தொடர்ந்து வந்துச்சுன்னா," என்றாள், "தொகாஷி-சான் வீட்டுத் தொட்டி திறக்கிற அன்னிக்கு நீங்க போகலாம்."

இதைக் கேட்டதும் என் நெஞ்சு அடித்துக்கொண்டதை அந்தக் கருவி அளந்திருந்தால் வெடித்திருக்கும்.

தொகாஷி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டியவர். மனைவி கினுவை இழந்தவர். இலையுதிர் காலத்தில் முள்ளங்கிகளைக் கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டு, கீழே செர்ரி விறகு மூட்டி, புகையிலேயே வாட்டி, பிறகு உப்பும் தவிடும் போட்டுத் தொட்டியில் அமுக்கி ஊற வைப்பார். இபுரிகக்கோ என்போம். ஊரில் எல்லோரும் போடுகிறார்கள். ஆனால் தொகாஷியின் இபுரிகக்கோவில் ஒரு துண்டைக் கடித்து ஒரு வாய் சூடான டீ குடித்தால், செத்துப்போன சொந்தக்காரர்களைக்கூட மன்னித்துவிடத் தோன்றும். புது வருஷத்துக்கு முன்னால் தொட்டியைத் திறப்பார். முதல் துண்டு எனக்கு. அது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

"நீங்க தொகாஷி-சான் மாதிரி ஒல்லியா இருந்தா நான் இவ்வளவு கவலைப்பட வேண்டியதே இல்லை," என்று மசாயோ பெருமூச்சு விட்டாள். "அவர் கைல பட்டையைக் கட்டினா என்ன அழகான நம்பர் வரும்."

அவள் அதைச் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். என் மூளையில் விளக்கு எரிந்தது. இதோ பார், எவ்வளவு படித்த நர்ஸ், தன் வாயாலேயே எனக்கு வழி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்துச் சிரிப்பை அடக்கப் போர்வையைக் கடித்தேன்.

மறுநாள் காலை அவள் கார் திருப்பத்தைத் தாண்டியதும் கருவியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு தொகாஷி வீட்டுக்குப் போனேன். அவர் கொட்டகையில் இருந்தார்.

"நர்ஸம்மா வந்திருக்காங்களா?" என்று முதலில் வாசலை எட்டிப் பார்த்தார்.

"இல்லைண்ணே. நான் மட்டும்தான். உங்க கை வேணும்."

"என்னத்துக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். தொகாஷி டாக்டர் பக்கமே போகாத மனிதர். மசாயோ பல வருஷமாகக் கெஞ்சியிருக்கிறாள், மிரட்டியிருக்கிறாள், ஒரு தடவை பண்டிகைக் கூட்டத்தில் வைத்தே மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். கையை உருவிக்கொண்டு ஓடிவிட்டார். ஆகவே இப்போதும் மறுப்பார் என்றுதான் பயந்தேன். அவரோ சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார்.

"வைத்தியம்னா என் கை வராது, தம்பி. பொண்டாட்டிகிட்டேர்ந்து ஒருத்தனைக் காப்பாத்தணும்னா ரெண்டு கையும் வரும். எது வேணும்? இடதா, வலதா?"

இடது கையில் பட்டையைச் சுற்றினேன். குச்சி மாதிரி கை. பட்டை ஒரு சுற்று அதிகமாகவே சுற்றிக்கொண்டது. நூற்றுப் பதினைந்து என்று மனத்துக்குள் பந்தயம் கட்டினேன். பொத்தானை அழுத்தினேன். உர்ர்ர் என்று உப்பியது. புஸ்ஸென்று இறங்கியது.

நூற்று எழுபத்தொன்று.

"எவ்வளவு?" என்றார் தொகாஷி.

"மெஷின் புதுசுண்ணே. இன்னும் பழகலை."

இன்னொரு தடவை அளந்தேன். நூற்று அறுபத்தெட்டு. இரண்டும் ஏற்கெனவே மசாயோவின் பைக்குள் போய்க் கிணுகிணுத்திருக்கும். வில்லிலிருந்து விட்ட அம்பையாவது ஓடிப்போய்ப் பிடிக்கலாம்.

அன்று சாயங்காலம் அவள் கத்தவில்லை. அதுவே சரியில்லை என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அமைதியாகக் கிண்ணத்தை வைத்தாள். சூப் என்று பெயர். உள்ளே வெந்நீர், மேலே ஒரு வெங்காயத்தாள் தனியாக மிதந்துகொண்டிருந்தது.

"தலை வலிக்குதா?" என்றாள்.

"இல்லையே."

"அப்படி உடனே சொல்லிடாதீங்க. நாளைக்குக் காலைல அளக்கிறப்போ நிதானமா யோசிச்சுப் பாருங்க. பின்கழுத்து பாரமா இருக்கா, கண்ணு மங்குதா, நெஞ்சை அடைக்குதா. வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை அதையெல்லாம் தொகாஷியிடம் கேட்டேன். என்ன இருந்தாலும் பொய்யைப் பொருத்தமாகச் சொல்ல வேண்டுமே.

"பின்கழுத்தா? காலைல கொஞ்சம் பாரமாத்தான் இருக்கும். வயசாச்சுல்ல," என்றார்.

சாயங்காலம் மசாயோவிடம், "பின்கழுத்து காலைல கொஞ்சம் பாரமா இருக்கு," என்றேன். அவள் ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் நூடுல்ஸ் செய்தாள். அடியில் இருந்த சாற்றைக் குடிக்கக் கிண்ணத்தைத் தூக்குவதற்குள் பிடுங்கிக்கொண்டாள். நூடுல்ஸ் சாற்றைக் குடிக்காமல் வைப்பது எங்கள் ஊரில் தகராறு வரக்கூடிய விஷயம்.

இப்படியே போனது. தொகாஷியின் பிரஷர் ஏற ஏற என் சாப்பாடு இறங்கியது. உப்பு போட்ட மீன் போய் வேகவைத்த மீன் வந்தது. புளித்த உப்புப் பிளம் டப்பா காணாமல் போனது. ஒரு நாள் வெறும் முட்டைக்கோஸ் வந்தது, கூட ஒரு எலுமிச்சைத் துண்டு, அதுவும் எனக்கு ஆறுதல் சொல்வதற்காக. சாப்பாட்டுக்குப் பிறகு பனியில் நடக்கவும் வைத்தாள். தினம். நான் இன்னொருத்தர் ரத்தத்துக்காக இளைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, தயவு பண்ணி கொஞ்சம் அமைதியா இருங்க," என்று தொகாஷியிடம் கெஞ்சினேன். "ஏதாவது இதமானதை நினைச்சுக்கோங்க."

"தொட்டியை நினைக்கட்டுமா?"

"நினைங்க."

நூற்று எழுபத்தாறு.

"வேற ஏதாவது நினைங்கண்ணே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "கினு இருந்தப்போ அவதான் தொட்டியில கல்லை வைப்பா," என்றார். "ஆஸ்பத்திரிக்கு என்கூட நடந்துதான் வந்தா, தம்பி. திரும்பி வரப்போ நாலு பேர் தூக்கிட்டு வந்தோம். அதுக்கப்புறம் அந்த வாசலை மிதிக்க எனக்குக் கால் வரலை."

அன்று நான் பொத்தானை அழுத்தவில்லை. பட்டையை அவர் கையிலிருந்து கழற்றினேன். முதல் தடவையாக எனக்கு உறைத்தது. இந்த எண்கள் என் சாப்பாட்டைப் பற்றியவை அல்ல. இந்த மனிதருக்கு நிஜமாகவே பிரஷர் இருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், நானோ அதை என் பெயரில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் சுற்றி வளைத்து மசாயோவிடம் கேட்டேன்.

"நூத்தி எழுபதுன்னா ரொம்ப மோசமா? ஒண்ணும் வலிக்கலைன்னாகூட?"

"பிரஷர் வலிக்காது. அதுதான் அதோட கெட்ட குணம். வலிச்சா எல்லாரும் ஓடி வந்துடுவாங்களே." கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "இந்த நம்பரை வெச்சுக்கிட்டு யாராவது கூரை மேல ஏறிப் பனி தள்ளினா, குளிரும் சேர்ந்துக்கும், சிரமமும் சேர்ந்துக்கும். ஏணியில ஏறுவாங்க. இறங்கறது அவங்க கையில இல்லை."

"யாராவதுன்னா?"

"நீங்கதான். வேற யாரு?"

அன்று ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பிறகு தொட்டி திறந்த பிற்பாடு சொல்லலாமே என்று இன்னொரு முடிவு செய்தேன். எனக்கு முடிவு செய்வதில் ஒருபோதும் கஷ்டம் இருந்ததில்லை.

விடிந்தபோது எங்கள் கார் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடு இருந்தது. மசாயோ தன் காரைத் தோண்டி எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். நான் சேற்று வயலில் நடப்பதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் தொகாஷி வீட்டுக்குப் போனேன். ஏணி ஏற்கெனவே கூரையில் சாய்ந்திருந்தது. அவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் அளந்துட்டுப் போ. கூரை முனகுது."

பட்டையைச் சுற்றினேன். நூற்று எண்பத்தெட்டு. கருவி பீப் பீப் என்று கத்தியது. அது கத்தும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

"அண்ணே, இன்னிக்குக் கழுத்து எப்படி இருக்கு?"

"கல்லு வெச்ச மாதிரி இருக்கு. மேல ஏறிக் குனிஞ்சு நிமிர்ந்தா சரியாயிடும்."

எழுந்து போய் ஏணியில் கால் வைத்துவிட்டார். நான் ஏணியைக் கட்டிக்கொண்டேன்.

"ஏறாதீங்கண்ணே."

"விடுடா."

"பிரஷர் நூத்தி எண்பத்தெட்டு."

"உனக்கு அவ்வளவு இருந்தா நீ ஏறாதே. உன் மெஷின்தானே சொல்லுது."

"கை உங்களுதுண்ணே!"

அவர் இரண்டாவது படியில் நின்று தன் கையைப் பார்த்தார். யாரோ அவரிடம் கொடுத்துவைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் ஒரு கையால் அவர் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைபேசியைத் தேடினேன். எல்லாவற்றையும் மசாயோவிடம் சொல்லிவிடப் போகிறேன். தொட்டி போனால் போகட்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குளிரில் அது மூக்கு நுனியிலேயே நின்றது.

எண்ணை அழுத்துவதற்குள் வாசலில் கார் சத்தம் கேட்டது. மசாயோ இறங்கினாள். கைபேசி அவள் பையில் கத்தியதும் பாதி வழியில் காரைத் திருப்பியிருக்கிறாள். நூற்று எண்பத்தெட்டு வந்தால் கைத்தாங்கலாகப் பிடிப்பார்களே என்று நான் கையை நீட்டினேன். அவள் என்னைக் கடந்து போனாள். நேராக ஏணிக்குப் போனாள்.

"தொகாஷி-சான், இறங்குங்க. மெதுவா. பின்பக்கமா. அப்படித்தான். கோட்டு எங்க? டாக்டர்கிட்ட சொல்லியாச்சு, காத்திட்டிருக்கார்."

"எனக்கா? இவனுக்குத்தானே..."

"இவருக்கு நூத்தி எண்பத்தெட்டு வந்திருந்தா நான் வந்திருக்கவே வேண்டாம். இவர் போடற சத்தத்துல ஊரே வந்திருக்கும்."

தொகாஷி என்னைப் பார்த்தார். நான் பனியைப் பார்த்தேன்.

"நான் அந்த வாசலுக்கு வரமாட்டேன், நர்ஸம்மா," என்றார். குரல் சின்னதாக இருந்தது.

மசாயோ அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "தெரியும். அன்னிக்குக் கினு அக்காவைப் பார்த்துக்கிட்டவங்கள்ல நானும் ஒருத்தி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலை. இங்க கிளினிக்குக்குத்தான். நடந்து வந்து நடந்து போறதுக்காகத்தான் இப்பவே கூப்பிடறேன். நான் கூடவே உட்கார்ந்திருப்பேன். இவரும் வருவார். இவருக்கு வாயைத் திறக்க அனுமதி இல்லை."

போனோம். டாக்டர் பார்த்தார், மறுபடி அளந்தார், நெஞ்சுக்குப் படம் எடுத்தார். எதுவும் கெட்டுப்போகவில்லை, நல்ல வேளை இப்போதே வந்தீர்கள் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைக் கேட்டதும் நான் நோயாளிகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதியை நான் தொட்டி திறக்கிற நாளில்கூட அனுபவித்ததில்லை. தொகாஷி வாசலைத் தாண்டித் தன் காலாலேயே நடந்து வந்தார். வெளியே வந்து ஒரு தடவை திரும்பி அந்த வாசலைப் பார்த்துவிட்டு, "சின்ன வாசல்தான்," என்றார்.

வீட்டில் கேட்டேன். கேட்காமல் எப்படி இருப்பது?

"எப்பத் தெரியும் உனக்கு?"

"முதல் நாளே. பட்டையைத் துவைக்கலாம்னு எடுத்தேன். செர்ரி விறகுப் புகை வாசனை. நம்ம வீட்டுல ஏதுங்க புகை?"

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா மறுநாள் அந்தக் கை கிடைச்சிருக்குமா? எத்தனை வருஷமா அந்தக் கையைத் துரத்தறேன்."

"அப்போ ஒல்லியா இருந்தா அழகான நம்பர் வரும்னு நீ சொன்னது..."

"ஒல்லியா இருக்கறவங்களுக்கு பிரஷர் வராதுன்னு எந்த நர்ஸாவது சொல்லுவாளா?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொகாஷியின் கூரைப் பனியை நான் தள்ளினேன். அதற்கு முன்னால் என் கையிலேயே பட்டையைச் சுற்றி மசாயோ அளந்தாள். எனக்கு நூற்று இருபத்தாறு. இன்னொருத்தர் பிரஷருக்காகப் பட்டினி கிடந்து என் பிரஷர் குணமாகியிருந்தது. அப்படியானால் பழைய சூப்பைத் திரும்பக் கொடு என்றேன். குணமாக்கின சூப்பை எதற்கு மாற்ற வேண்டும் என்றாள்.

மாத்திரையில் தொகாஷியின் எண்ணும் இறங்க ஆரம்பித்தது. ஆனால் முழுக்க இறங்கும் வரை ஊறுகாய் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனக்கில்லாத தொட்டியைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை; அது சும்மா கிடந்தது. தினம் காலையில் அவருக்கு அளந்துவிடுகிற பொறுப்பை மசாயோ என்னிடமே கொடுத்தாள். என் கைக்குத்தான் அவர் கை பழகியிருக்கிறதாம்.

நேற்றுக் காலை போனேன். தொகாஷி கதவைச் சாத்தினார். தொட்டி மூடியைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினார். அந்த வாசனையை நான் எப்படி எழுதுவேன்?

"தம்பி," என்றார். "உனக்காக நான் கை குடுத்தேனா இல்லையா?"

"குடுத்தீங்க."

"இன்னிக்கு உன் கையைக் கொஞ்சம் குடு. ஒரு தடவை நல்ல நம்பர் போகட்டும். ஆளுக்கு ஒரே ஒரு துண்டு."

மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டாரா என்று கேட்டேன். போட்டுக்கொண்டார். தலை வலி இல்லை. கழுத்து லேசாக இருக்கிறது. ஒரு துண்டுதானே. அதுவும் இந்த முறை நான் எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். பட்டை அவர் வீட்டிலேயே இருக்கப்போகிறது, யாரும் முகர்ந்து பார்க்க முடியாது. சட்டைக் கையைச் சுருட்டினேன். முதுகைச் சாய்த்தேன். கையை நெஞ்சு உயரத்தில் வைத்தேன். வாயைத் திறக்கவே இல்லை. உர்ர்ர். புஸ்.

நூற்று இருபத்தாறு.

தொகாஷி கத்தியை எடுத்தார். முள்ளங்கியின் மேல் வைத்தார். என் கைபேசி அடித்தது.

"ஏங்க," என்றாள் மசாயோ. "பட்டையை உங்க கையிலேர்ந்து கழட்டி, தொகாஷி-சான் கையில கட்டுங்க."

நான் கூரையைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"நூத்தி இருபத்தாறு நான் சமைச்ச நம்பர். என் சமையல் எனக்குத் தெரியாதா?"